இரண்டு மஞ்சள் மருந்துகள்

(இணையவழி இலக்கியச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே காலை பத்து மணி. லண்டன் நண்பர்களுக்கு மதியம் மூன்று. சிங்கப்பூரிலிருந்து இணைந்திருப்பவர்கள் சாப்பிட்டு முடித்துத் தூங்கப்போகும் நேரம். அவர்களைத் தூங்கவிடாமல் பேச வேண்டும் என்பது இன்று என் முதல் பொறுப்பு.

நம் சந்திப்புகளில் பெரும்பாலும் நாவல், சிறுகதை, கவிதை பற்றித்தான் பேசுகிறோம். நான் மருந்தாளுநர். மருந்துச் சீட்டைப் பார்த்து மருந்து கொடுப்பது என் தொழில். அதனால் இன்று இரண்டு அறிவியலாளர் வரலாறுகளைப் பற்றிப் பேசலாம் என்று கேட்டபோது அமைப்பாளர்கள் தயங்காமல் ஒப்புக்கொண்டார்கள். அவர்களுக்கு நன்றி. ஒன்று, எஸ்.பி.கே. குப்தா, எட்கர் மில்ஃபோர்டுடன் சேர்ந்து எழுதிய ‘இன் க்வெஸ்ட் ஆஃப் பனேசியா’. எல்லாப்ரகட சுப்பாராவின் வாழ்க்கை. 1987இல் வந்தது. இன்னொன்று, ரிச்சர்ட் பால்ட்வின் எழுதிய ‘தி ஃபங்கஸ் ஃபைட்டர்ஸ்’. எலிசபெத் லீ ஹேசன், ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்ற இரண்டு பெண்களின் கதை. 1981இல் வந்தது.

இந்த இரண்டு புத்தகங்களையும் நானாகத் தேடிப் போகவில்லை. ஒரு சிறுவன்தான் தேட வைத்தான்.

என் அக்கா மகனுக்கு ஒன்பது வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. இப்போது நன்றாக இருக்கிறான், கல்லூரியில் படிக்கிறான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நீங்கள் பதற்றத்தோடு கேட்டுக்கொண்டிருப்பீர்கள். சிகிச்சை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள் இரவு அக்கா அழைத்தாள். “தம்பி, வாயெல்லாம் வெள்ளை வெள்ளையா படிஞ்சிருக்குடா. தயிர் சாதம்கூட இறங்கல. எரியுதுன்னு அழறான்.” எனக்கு உடனே புரிந்தது. கேண்டிடா. வாயில் வரும் பூஞ்சைத் தொற்று. அடுத்த நாள் மருத்துவர் பார்த்துவிட்டு நிஸ்டாட்டின் எழுதிக்கொடுத்தார். மஞ்சளாக, கொஞ்சம் கெட்டியாக இருக்கும் ஒரு திரவ மருந்து. உடனே விழுங்கிவிடக் கூடாது. வாயில் நாலாபுறமும் படும்படி கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும்.

நான் அந்த வாரம் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சமையலறை மேசையில் இரண்டு மருந்துகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்று இந்த நிஸ்டாட்டின் புட்டி. இன்னொன்று மெத்தோட்ரெக்சேட் மாத்திரைகள். அவையும் மஞ்சள்தான். அவன் இரண்டையும் பார்த்துவிட்டுக் கேட்டான்: “மாமா, இத யாரு கண்டுபிடிச்சா?”

எனக்குத் தெரியவில்லை. பல ஆண்டுகளாக இந்த மருந்துகளை எடுத்து எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். எத்தனை மில்லிகிராம், எதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது, எந்தச் சூட்டில் வைக்க வேண்டும், எல்லாம் தெரியும். யார் கண்டுபிடித்தார்கள் என்று மட்டும் தெரியவில்லை. “பார்த்துச் சொல்றேன்டா” என்றேன். அப்படிச் சொன்னதற்காகத்தான் இந்த இரண்டு புத்தகங்களையும் படித்தேன். படித்தபோது ஒரு விஷயம் என்னை ஆச்சரியப்படுத்தியது. அந்த மேசையில் இருந்த இரண்டு மருந்துகளும் ஒரே மாநிலத்தோடு சம்பந்தப்பட்டவை, ஏறக்குறைய ஒரே காலத்தவை. நியூயார்க் மாநிலம், 1948ஐ ஒட்டிய ஆண்டுகள்.

முதலில் சுப்பாராவ்.

1895இல் பீமவரத்தில் பிறந்தவர். அது அப்போது சென்னை மாகாணம். தெலுங்குக் குடும்பம், வசதி குறைவு. சிறுவனாக இருந்தபோது, காசிக்குப் போகும் யாத்ரீகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரனாகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடியவர். அம்மா பிடித்து இழுத்து வந்து படிக்க வைத்தார். மெட்ரிகுலேஷன் தேர்வில் மூன்றாவது முயற்சியில்தான் தேறினார், திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலிருந்து. பிறகு மாநிலக் கல்லூரி, அதன்பின் சென்னை மருத்துவக் கல்லூரி. இடையில் துறவியாகப் போகிறேன் என்று ராமகிருஷ்ண மடத்தின் பக்கம் சாய்ந்தார், அம்மா அனுமதிக்கவில்லை. மாமனார் பண உதவி செய்து படிக்க வைத்தார்.

மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பைக் கேட்டு அறுவை சிகிச்சை அறையில் கதர் அங்கி அணிந்தார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எழுத்துத் தேர்வுகளை நன்றாக எழுதியும் எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்கவில்லை. அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. அரசு மருத்துவத் துறைக்குள் நுழைய முடியாமல், சென்னையில் டாக்டர் ஆசண்ட லட்சுமிபதியின் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறியல் கற்பித்தார்.

இந்தக் காலகட்டத்தில்தான் அவர் வாழ்க்கையில் ஸ்ப்ரூ என்ற நோய் வருகிறது. வெப்பமண்டல நாடுகளில் வரும் ஒரு குடல்நோய். தீராத வயிற்றுப்போக்கு, சாப்பிடும் எதுவும் உடம்பில் ஒட்டாது, நாக்கு புண்ணாகிச் சிவந்துவிடும், ரத்தம் வற்றி உடல் வெளிறிப்போகும். சில நாள் இடைவெளியில் சுப்பாராவின் இரண்டு சகோதரர்கள் இந்த நோயில் இறந்தார்கள். அவருக்கும் வந்தது. லட்சுமிபதியின் ஆயுர்வேத மருத்துவத்தால் பிழைத்தார். மருத்துவம் படித்த ஒருவர், தன் வீட்டிலேயே இரண்டு பேரை இழந்து, அது ஏன் வருகிறது என்றுகூடத் தெரியாமல் நிற்கிறார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்பி வருவோம்.

1922 அக்டோபரில் பாஸ்டனில் இறங்கினார். ஹார்வர்டில் வெப்பமண்டல மருத்துவம் படிக்க இடம் கிடைத்திருந்தது. செலவுக்குப் பணம் கிடையாது. இரவில் ஒரு மருத்துவமனையில் நோயாளிகளின் மலச்சட்டிகளைக் கழுவும் வேலை பார்த்தார். பகலில் படிப்பு. நம்மில் பலர் வெளிநாடு வந்த முதல் வருடம் என்னென்ன வேலை பார்த்தோம் என்பதை ஊரில் முழுதாகச் சொல்லியிருக்க மாட்டோம். அதனால் இந்தப் பக்கங்களைப் படிக்கும்போது நான் கொஞ்சம் மெதுவாகத்தான் படித்தேன்.

ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து, ரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு இருக்கிறது என்பதை நிறத்தை வைத்து அளக்கும் முறையை 1925இல் வெளியிட்டார். ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை. உயிர்வேதியியல் படித்தவர்கள் யாராவது இந்த நேரலையில் இருந்தால் ஆய்வகத்தில் செய்திருப்பீர்கள். அந்த அளவையை வைத்துக்கொண்டு தசையைச் சோதித்தபோது பாஸ்போகிரியேட்டின் என்ற பொருள் கிடைத்தது, 1927இல். பிறகு 1929இல் ஏ.டி.பி. நம் உயிரணுக்கள் செலவு செய்யும் சில்லறைக் காசு என்று ஏ.டி.பி.யைச் சொல்லலாம். ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டு அதைத் தனியாகக் கண்டுபிடித்தார். இத்தனைக்குப் பிறகும் சுப்பாராவுக்கு ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிடைக்கவில்லை. 1940இல் நியூயார்க் மாநிலத்தில் பேர்ல் ரிவர் என்ற ஊரில் இருந்த லெடர்லே ஆய்வகத்துக்குப் போனார். வைட்டமின் ஆராய்ச்சி அங்கேதான் முழு வேகம் பிடிக்கிறது.

இங்கே கொஞ்சம் பம்பாய்க்குப் போக வேண்டும். லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர், அங்கே பஞ்சாலைகளில் வேலை செய்த ஏழைக் கர்ப்பிணிப் பெண்களுக்கு வரும் ஒருவகை ரத்தசோகையை ஆராய்ந்துகொண்டிருந்தார். சாதாரண ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இதில் அவை அளவுக்கு மீறிப் பெருத்திருந்தன. இரும்புச் சத்து கொடுத்தாலும் தீராது. அவர் மார்மைட் கொடுத்துப் பார்த்தார். குணமானது. இலங்கை, மலேசிய நண்பர்களுக்கு மார்மைட்டை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ரொட்டியில் தடவும் அந்தக் கறுத்த, உப்புக் கரிக்கும் பசைதான். பீர் காய்ச்சியபின் மிஞ்சும் ஈஸ்டிலிருந்து செய்வது. ஈஸ்ட் ஒரு பூஞ்சை. அந்தப் பூஞ்சைக்குள் இருந்த ஏதோ ஒன்று அந்தப் பெண்களைக் காப்பாற்றியது. 1931இல் வில்ஸ் இதை வெளியிட்டார். ‘வில்ஸ் காரணி’ என்று அதற்குப் பெயர் வந்தது. என்ன பொருள் என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

1941இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டன் கணக்கில் பசலைக்கீரையை அரைத்து, அதிலிருந்து துளியளவு பொருளைப் பிரித்து, இலையிலிருந்து வந்ததால் ஃபோலிக் அமிலம் என்று பெயர் வைத்தார்கள். கீரையை அரைத்துக்கொண்டே இருந்தால் உலகத்துக்கு மருந்து கொடுக்க முடியாது. ஆய்வகத்தில் செய்தாக வேண்டும். சுப்பாராவ் வழிநடத்திய லெடர்லே குழு 1945இல் அதைச் செய்தது. மஞ்சள் நிறத் தூள். இன்று நம் வீடுகளில் கர்ப்பிணிகள் சாப்பிடும் ஃபோலிக் அமில மாத்திரையின் தொடக்கம் அதுதான்.

அந்த மருந்து மருத்துவர்கள் கைக்கு வந்ததும் எதற்கெல்லாம் பலன் தந்தது? பெரிய அணு ரத்தசோகைக்கு. அதோடு, வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கும். இரண்டு சகோதரர்களை எந்த நோய்க்குக் கொடுத்தாரோ, அந்த நோய்க்கு. சுமார் இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, வேறொரு கண்டத்தில். இதை ஒரு நாவலாசிரியர் எழுதியிருந்தால், ரொம்பவும் பொருத்தி எழுதிவிட்டார் என்று நாமே குறை சொல்லியிருப்போம்.

கதை அதோடு முடியவில்லை. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற குழந்தைகள் நோயியல் மருத்துவர், ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்கு ஃபோலிக் அமில வகை மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார். நோய் குறையவில்லை, வேகம் கூடியதாகவே அவருக்குத் தோன்றியது. அவர் அதிலிருந்து ஒன்றைப் புரிந்துகொண்டார். வெறிகொண்டு பெருகும் அணுக்களுக்கு இந்த வைட்டமின் தீனி. அப்படியானால் தீனியைப் போலவே தோற்றம் கொண்ட, ஆனால் தீனியாகாத ஒன்றைக் கொடுத்தால்? பூட்டுக்குள் போகும், ஆனால் திறக்காத சாவி. ஃபோலிக் அமிலத்தை உண்டாக்கத் தெரிந்தவர்களுக்குத்தான் அதில் ஒரு மூலையை மாற்றிப் போலியை உண்டாக்கவும் தெரியும். லெடர்லேயிலிருந்து அமினோப்டெரின் வந்தது. 1948 ஜூன் மாதம் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரையில், மருந்து கொடுத்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் தணிந்தது என்று இருக்கிறது.

தணிந்தது என்றுதான் சொன்னேன், தீர்ந்தது என்று சொல்லவில்லை. சில வாரம், சில மாதம். பிறகு நோய் திரும்பியது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அதற்கு முன்பு இந்த நோய் வந்த குழந்தைக்கு ஒரு வாரத்தைக்கூட நம்பிக்கையோடு கொடுக்க எவராலும் முடிந்ததில்லை. அமினோப்டெரினின் தம்பிதான் மெத்தோட்ரெக்சேட். அதை வேறு மருந்துகளோடு சேர்த்துக் கொடுக்கப் பிற்காலத்தில் கற்றுக்கொண்டார்கள். அதனால்தான் என் அக்கா மகன் இன்று கல்லூரிக்குப் போகிறான்.

அந்த மேசையில் இருந்த ஒரு மருந்துக்கு இப்படிப் பதில் கிடைத்துவிட்டது. இன்னொன்று?

மெத்தோட்ரெக்சேட் வேகமாகப் பெருகும் எல்லா அணுக்களையும் தாக்கும். வாயின் உட்தோல் வேகமாகப் புதுப்பித்துக்கொள்ளும் தோல். அது புண்ணாகும். நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் குறையும். நம் எல்லோர் வாயிலும் குடலிலும் கேண்டிடா என்ற பூஞ்சை எப்போதும் கொஞ்சம் இருக்கிறது. மற்ற பாக்டீரியாக்களும் நம் வெள்ளணுக்களும் அதை ஒரு மூலையில் அடக்கி வைத்திருக்கும். காவல் தளர்ந்ததும் அது பரவும். ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் இதேதான் நடக்கும். பாக்டீரியா செத்துவிடும், பூஞ்சைக்கு இடம் கிடைக்கும்.

சுப்பாராவின் ஆய்வகத்திலிருந்துதான் ஆரியோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கும் வந்தது, அதே 1948இல். பெஞ்சமின் டக்கர் என்ற தாவரநோய் வல்லுநர் கண்டுபிடித்தது. பல்கலைக்கழகத்திலிருந்து ஓய்வுபெற்று, எழுபது வயதைத் தாண்டி, வேலைக்குச் சேர்ந்தவர். மிசௌரியில் ஒரு பல்கலைக்கழக வயலிலிருந்து வந்த மண்ணில் இருந்த ஒரு நுண்ணுயிரிடமிருந்து எடுத்தது. பல வகை பாக்டீரியாக்களைக் கொல்லும் மருந்து. பொன்னிறம் என்பதால்தான் ஆரியோ என்று பெயர். எத்தனையோ உயிர்களைக் காத்தது. ஆனால் இத்தகைய மருந்துகள் பரவப் பரவ, நோயாளிகளின் வாயிலும் குடலிலும் பூஞ்சைத் தொற்றும் கூடியது. பூஞ்சைக்கு அப்போது நல்ல மருந்து கிடையாது. வாயில் ஊதாச் சாயத்தைத் தடவிவிடுவார்கள்.

இந்தக் கட்டத்தில்தான் நம் இரண்டாவது புத்தகம் வருகிறது.

எலிசபெத் லீ ஹேசன் 1885இல் மிசிசிப்பியில் ரிச் என்ற சின்ன ஊரில் பிறந்தவர். நான்கு வயதுக்குள் அப்பா அம்மா இருவரும் இறந்துவிட்டார்கள். சித்தப்பா வீட்டில் வளர்ந்தார். பள்ளி ஆசிரியையாக வேலை பார்த்துக்கொண்டே படித்து, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியலில் முனைவர் பட்டம் வாங்கியபோது வயது 42. ரேச்சல் பிரவுன் 1898இல் மாசசூசெட்ஸில் பிறந்தவர். அப்பா குடும்பத்தை விட்டுப் போனபின் அம்மா வேலைக்குப் போய்க் காப்பாற்றினார். பாட்டியின் தோழி ஒருவர், ஹென்ரியெட்டா டெக்ஸ்டர், கல்லூரிக் கட்டணத்தைக் கட்டினார். மவுண்ட் ஹோலியோக்கில் வரலாறும் வேதியியலும் படித்தார். சிகாகோவில் முனைவர் பட்டத்துக்கு ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருந்தார். அது தள்ளிக்கொண்டே போனது. கையில் காசு தீர்ந்தது. நியூயார்க் மாநில சுகாதாரத் துறையில் ஆல்பனியில் வேலைக்குப் போய்விட்டார். ஏழு ஆண்டு கழித்துத்தான் அந்தத் தேர்வை முடித்துப் பட்டம் வாங்கினார்.

இருவரும் அரசு ஊழியர்கள். ஹேசன் நியூயார்க் நகரக் கிளையில், பிரவுன் ஆல்பனியில். இடையில் சுமார் 240 கிலோமீட்டர். ஹேசன் அதற்கு முன்பே ஆந்த்ராக்ஸ் எந்தத் தொழிற்சாலையிலிருந்து பரவியது என்பது போன்றவற்றைத் துப்பறிந்து கண்டுபிடித்தவர். 1944இல் பூஞ்சை நோய்களைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்தது. அப்போது வயது ஐம்பத்தொன்பது. மற்றவர்கள் ஓய்வைப் பற்றி யோசிக்கும் வயதில் ஒரு புதிய துறையைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தார்.

1948இல் இருவரும் சேர்ந்து வேலை செய்யத் தொடங்கினார்கள். முறை மிக எளிமையானது. ஹேசன் பல இடங்களிலிருந்து மண்ணைச் சேகரித்து, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, அவை இரண்டு பூஞ்சைகளைக் கொல்கின்றனவா என்று பார்ப்பார். ஒன்று கேண்டிடா. இன்னொன்று மூளைவரை போகும் கிரிப்டோகாக்கஸ். கொன்றால், அந்த வளர்ப்பைக் கண்ணாடி ஜாடியில் அடைத்து ஆல்பனிக்குத் தபாலில் அனுப்புவார். ஊறுகாய், ஜாம் போட்டு வைக்கும் சாதாரண ஜாடி. பிரவுன் அதிலிருந்து எந்தப் பொருள் வேலை செய்கிறது என்று பிரித்தெடுத்துத் தபாலில் திருப்பி அனுப்புவார். ஹேசன் அதைப் பூஞ்சையின் மேலும் பிறகு விலங்குகளிலும் சோதிப்பார். பெரும்பாலானவை பூஞ்சையோடு எலியையும் கொன்றன. அடுத்த ஜாடி.

ஏன் இத்தனை சிரமம்? பாக்டீரியா நம்மிடமிருந்து வெகுதூரம் விலகிய உயிர். அதைக் கொல்லும் மருந்து நம் அணுக்களைப் பெரும்பாலும் தொடாது. பூஞ்சை அப்படியல்ல. அது நமக்குத் தூரத்து உறவு. அதன் அணுவுக்கும் நம் அணுவுக்கும் அமைப்பில் ஒற்றுமை அதிகம். பூஞ்சையைக் கொல்லும் விஷம் நம்மையும் கொல்லும். இரண்டுக்கும் இடையிலுள்ள ஏதாவது ஒரு சின்ன வித்தியாசத்தைப் பிடித்தாக வேண்டும்.

அவர்களுக்குக் கிடைத்த மருந்து அந்த வித்தியாசத்தைப் பிடித்தது. விர்ஜீனியாவில் ஹேசனின் நண்பர்களான நர்ஸ் குடும்பத்தாரின் பண்ணை மண்ணில் கிடைத்த நுண்ணுயிர் அதை உண்டாக்கியது. நம் அணுவின் மேலுறையில் கொலஸ்டிரால் இருக்கிறது. பூஞ்சையின் மேலுறையில் அதே இடத்தில் எர்கோஸ்டிரால் இருக்கிறது. இரண்டும் ஒரே குடும்பத்துப் பொருள்கள். வடிவத்தில் சிறிய வேறுபாடு. இந்த மருந்து எர்கோஸ்டிராலை இறுகப் பற்றி, பூஞ்சையின் உறையைக் குலைத்துவிடும். உள்ளிருப்பது வெளியே ஒழுகி அது சாகும். குடலிலிருந்து ரத்தத்தில் இந்த மருந்து ஏறுவது இல்லை என்றே சொல்லலாம். அதனால்தான் ஒன்பது வயதுப் பையன் வாயில் வைத்திருந்து விழுங்க முடிகிறது. ரத்தத்தில் நேராக ஏற்ற முடியாத அளவுக்கு அது நச்சு.

எர்கோஸ்டிரால் என்ற பெயரைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஏனென்றால் அந்தப் பெயர் எனக்கு வேறு அலமாரியிலிருந்து தெரியும். வைட்டமின் அலமாரி. 1920களில் உணவுப்பொருள்கள் மேல் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினால், குழந்தைகளின் எலும்பை வளைக்கும் ரிக்கெட்ஸ் நோயைத் தீர்க்கும் சக்தி அவற்றுக்கு வருகிறது என்று கண்டார்கள். ஒளி பட்டு மாறும் அந்தப் பொருள் எது என்று தேடியபோது கிடைத்தது எர்கோஸ்டிரால். ஒளி பட்டால் அது வைட்டமின் டி2 ஆகிறது. அடோல்ஃப் விண்டாஸ் 1928இல் இந்த வழியிலான ஆராய்ச்சிக்காக நோபல் பரிசு பெற்றார். வெயில் பட்ட காளானில் வைட்டமின் டி இருப்பதும் இதனால்தான். இந்தக் குளிர்நாடுகளில் நவம்பர் வந்தால் நாம் எல்லோரும் வைட்டமின் டி மாத்திரை போடுகிறோமே, அதில் ஒரு வகை பூஞ்சையிடமிருந்து வருவது.

நான் இந்தத் துறையைப் பற்றி இரண்டு தனித்தனி அலமாரிகளாகத்தான் யோசித்திருந்தேன். ஒன்று பூஞ்சைக் கொல்லிகள், இன்னொன்று வைட்டமின்கள். ஒன்று எதிரியைக் கொல்வது, மற்றது நம்மை வளர்ப்பது. உண்மையில் இரண்டும் ஒரே உயிரின் இரண்டு பக்கங்கள். பம்பாய்ப் பெண்களைக் காத்த வில்ஸ் காரணி ஈஸ்ட் என்ற பூஞ்சையிலிருந்து வந்தது. நம் எலும்பைக் காக்கும் டி2 பூஞ்சையின் மேலுறையிலிருந்து வருகிறது. அதே மேலுறையைப் பிடித்துத்தான் பூஞ்சையைக் கொல்கிறோம். தோசை மாவைப் புளிக்க விட்டு, ஊறுகாயில் பூசணம் வராமல் பார்த்துக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நுண்ணுயிர்களோடு நமக்கு எப்போதும் அப்படித்தான். சிலதை வரவேற்போம், சிலதை விரட்டுவோம்.

1950இல் ஹேசனும் பிரவுனும் தங்கள் மருந்தை அறிவித்தார்கள். நியூயார்க் ஸ்டேட் என்பதைச் சுருக்கி நிஸ்டாட்டின் என்று பெயரிட்டார்கள். 1954இல் ஸ்க்விப் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1957இல் காப்புரிமை கிடைத்தது. மனிதர்களுக்கு மட்டும் பயன்படவில்லை. 1966இல் ஆர்னோ நதி வெள்ளத்தில் ஃப்ளாரன்ஸ் நகரத்தின் ஓவியங்கள் நனைந்து பூஞ்சை பிடித்தபோது அவற்றின் மேலும் இதைத்தான் தெளித்தார்கள்.

காப்புரிமைத் தொகையாக ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு மேல் வந்தது. இருவரும் ஒரு டாலரைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. பாதி ரிசர்ச் கார்ப்பரேஷன் என்ற அறக்கட்டளைக்கு, பாதி பிரவுன்–ஹேசன் நிதிக்கு. அந்த நிதி பிற ஆய்வாளர்களுக்கு, குறிப்பாகப் பூஞ்சை நோய் ஆராய்ச்சிக்குப் போனது. அவர்கள் கடைசிவரை மாதச் சம்பளத்தில் வாழ்ந்தார்கள். பிரவுன் தன் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டிய டெக்ஸ்டருக்கு அந்தத் தொகையைத் திருப்பிக் கொடுத்தார் என்ற செய்தி எனக்கு அந்தக் கோடியைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

இப்போது நான் பேச வந்த விஷயத்துக்கு வருகிறேன். பெயர்.

நிஸ்டாட்டின் என்ற பெயரில் மாநிலம் இருக்கிறது. அதை உண்டாக்கும் நுண்ணுயிருக்கு ஸ்ட்ரெப்டோமைசீஸ் நர்ஸை என்று பெயர். அதில் பண்ணைக்காரரின் பெயர் இருக்கிறது. ஹேசன் இல்லை, பிரவுன் இல்லை. அப்படிப் பெயர் வைத்ததும் அவர்கள்தான். யாரும் அவர்களிடமிருந்து பறித்துக்கொள்ளவில்லை. நாட்டின் கண்டுபிடிப்பாளர் பெருமன்றத்தில் அவர்கள் பெயர் சேர்ந்தது 1994இல். அப்போது இருவரும் உயிரோடு இல்லை.

சுப்பாராவின் நிலை வேறு. அவருக்குக் கிடைத்திருக்க வேண்டிய அங்கீகாரம் பல இடங்களில் கிடைக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அவரும் முன்னால் வந்து நிற்க விரும்பாதவர். குழுவில் இருந்தவர்கள் பெயரிலேயே பெரும்பாலான கட்டுரைகள் வந்தன. ஃபோலிக் அமிலம், அமினோப்டெரின், ஆரியோமைசின், யானைக்கால் நோய்க்கு இன்றும் கொடுக்கப்படும் ஹெட்ரசான். ஒரு மனிதர் வழிநடத்திய ஆய்வகத்திலிருந்து எட்டே ஆண்டில் வந்தவை இவை. 1948 ஆகஸ்டில் தூக்கத்திலேயே இறந்தார். வயது 53. இந்தியர்கள் அமெரிக்கக் குடிமக்களாகலாம் என்ற சட்டம் 1946இல்தான் வந்தது. அவர் குடிமகனாகாமலே போய்விட்டார்.

நாம் வழக்கமாக இந்த இடத்தில் “தமிழ் மண்ணில் படித்தவர், இந்தியர், நோபல் கிடைத்திருக்க வேண்டும்” என்று பெருமையும் கோபமும் கலந்து முடிப்போம். அதில் தவறில்லை. ஆனால் புத்தகத்தில் ஒரு பக்கம் என்னை அப்படி முடிக்கவிடவில்லை. அவர் 1922இல் கப்பலேறியபோது மனைவி சேஷகிரி கர்ப்பமாக இருந்தார். குழந்தை பிறந்தது. சில மாதங்களிலேயே ஒரு தொற்றுநோயில் இறந்தது. அப்பா அந்த முகத்தைப் பார்க்கவில்லை. அவர் திரும்பி வரவேயில்லை. கணவனும் மனைவியும் மறுபடி சந்திக்கவில்லை. உலகத்தின் எத்தனையோ குழந்தைகளைத் தொற்றிலிருந்து காத்த மருந்துகளுக்குப் பின்னால், ஆந்திராவில் இருபத்தாறு ஆண்டு காத்திருந்த ஒரு பெண் இருக்கிறார். அவர் கொடுத்த விலைக்கு எந்தக் காப்புரிமைத் தொகையும் வரவில்லை. வெளிநாட்டில் இருக்கும் நாம் சாதனைப் பட்டியல் போடும்போது அந்தப் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால்தான் இன்று சொல்கிறேன். சேஷகிரி.

சுப்பாராவின் பெயரில் ஒரு உயிர் இருக்கிறது தெரியுமா? சுப்பாரோமைசீஸ் ஸ்ப்ளெண்டென்ஸ். 1953இல் லெடர்லேயில் பணியாற்றிய ஹெசல்டைன் வைத்த பெயர். கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியில் வாழ்வது. அது ஒரு பூஞ்சை.

அக்கா மகனிடம் இதையெல்லாம் சொல்லி முடிக்க எனக்குப் பல மாதம் ஆனது. அவன் குணமாகி வந்துகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் முடி முளைக்க ஆரம்பித்திருந்தது. சுப்பாராவ் இரவில் மலச்சட்டி கழுவினார் என்றதும் சிரித்தான். இரண்டு பாட்டிகள் ஊறுகாய் ஜாடியில் நுண்ணுயிரைத் தபாலில் அனுப்பினார்கள் என்றதும் இன்னும் அதிகம் சிரித்தான். பிறகு கேட்டான்: “அவங்க மூணு பேரும் ஃப்ரெண்ட்ஸா மாமா?”

சந்தித்துக்கொண்டதாக நான் எங்கும் படிக்கவில்லை என்று சொன்னேன். அவன் கொஞ்சம் யோசித்தான். “ஆனா அவங்க மருந்து ரெண்டும் நம்ம டேபிள்ல பக்கத்துலதான இருந்துச்சு” என்றான்.

அதற்குமேல் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. இப்போதும் கடையில் யாராவது அந்த மஞ்சள் புட்டியை வாங்க வந்தால், எத்தனை மில்லி, எத்தனை வேளை என்று சொல்லிவிட்டு, கூட்டம் இல்லாத நாளாக இருந்தால் இன்னும் ஒரு நிமிடம் எடுத்துக்கொள்கிறேன். “இதை இரண்டு பெண்கள் கண்டுபிடித்தார்கள், தெரியுமா?” என்று ஆரம்பிக்கிறேன். சிலர் நின்று கேட்கிறார்கள்.

இவ்வளவு நேரம் நீங்களும் கேட்டீர்கள். சிங்கப்பூர் நண்பர்கள் இனித் தூங்கலாம்.